முன்னாலா, பின்னாலா? முப்பது வருஷம் தாமதமாக ஒரு பதில்



இரண்டு மாதமாகப் பதிவு எதையும் காணோமே, உடம்பு கிடம்பு சரியில்லையா என்று சிலர் போன் போட்டுக் கேட்டீர்கள். உடம்புக்கு ஒன்றுமில்லை. 66 வயதுக்கு உண்டான முழங்கால் வலி மட்டும்தான். நான் படித்துக்கொண்டிருந்தேன். என்ன படித்தேன் என்று சொன்னால் சிரிப்பீர்கள். ஜீப்பின் டிஃப்ரன்ஷியல் பற்றி. அதிலும், லாக் வைப்பதாக இருந்தால் முன் அச்சில் வைப்பதா, பின் அச்சில் வைப்பதா என்று. ஸ்கூட்டரைத் தவிர வேறு வண்டி ஓட்டாத இந்த மனுஷனுக்கு எதற்கு இந்த வேலை என்று உங்கள் டீச்சரம்மாவும் கேட்டாள். பொறுமையாகப் படியுங்கள், சொல்கிறேன்.

போடிக்காரர்களுக்குத் தெரிந்ததுதான். வெளியூரில் இருக்கும் பிள்ளைகளுக்காக எழுதுகிறேன். விடிவதற்கு முன்னால் நம் தெருக்களில் ஜீப் ஹாரன்தான் சேவல். தூக்குவாளியும் தலையில் கட்டிய துண்டுமாகப் பெண்கள் ஏறுவார்கள். போடிமெட்டு ரோட்டின் 17 கொண்டை ஊசி வளைவுகளையும் கடந்து, இடுக்கி மாவட்டத்தில் பூப்பாறை, சாந்தன்பாறைப் பக்கம் ஏலத்தோட்டங்களில் காய் எடுத்துவிட்டு, பொழுது சாயத் திரும்புவார்கள். மெயின் ரோடு இப்போது நன்றாகவே இருக்கிறது. அதிலிருந்து தோட்டத்துக்குள் பிரியும் பாதைதான் பாதை. கல்லும் சகதியும், ஒரு பக்கம் மண் சுவர், மறு பக்கம் பள்ளம்.

போன ஐப்பசி மழையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, என்னிடம் எட்டாம் வகுப்பு படித்த ஒருவன் வீட்டுக்கு வந்தான். பேர் வேண்டாம், அவனுக்குக் கூச்சம். எட்டாவதோடு நின்றவன். அப்பாவுக்கு முடியாமல் போனதால் ஜீப்பில் கிளீனராக ஏறினான். பிறகு டிரைவர். இப்போது சொந்தமாகப் பழைய மகிந்திரா ஜீப் ஒன்று, நாலு வீலும் இழுக்கிற வண்டி, வைத்திருக்கிறான். வந்தவன் காப்பியைக் கையில் வைத்துக்கொண்டே குடிக்காமல் உட்கார்ந்திருந்தான்.

"என்னடா, பொண்ணு கல்யாணமா?" என்றேன்.

"இல்ல சார். ராத்திரி தூக்கம் வர மாட்டேங்குது."

பிறகு மெதுவாகச் சொன்னான். நாலு நாள் முன்னால் சாயங்காலம், வேலை முடிந்து தோட்டத்திலிருந்து மேலே ஏறும்போது, பக்கவாட்டில் சரிந்த ஓர் இடத்தில் வண்டி நின்றுவிட்டது. லோ கியர் போட்டு மிதித்திருக்கிறான். மேல் பக்கத்துப் பின்சக்கரம் சும்மா சுற்றியது. இன்னும் மிதித்தான். வண்டியின் பின்பக்கம் பள்ளத்தை நோக்கி ஒரு முழம் சறுக்கியது. காலை எடுத்ததும் நின்றுவிட்டது. உள்ளே 13 பெண்கள். ஒருத்தரும் கத்தவில்லையாம். "கத்தியிருந்தாக்கூடப் பரவாயில்ல சார். எல்லாரும் மூச்சு விடாம இருந்தாங்க. அதான் மறக்க முடியல." மேல் பக்கமாக ஒவ்வொருவராக இறங்கி, கல் எடுத்துக் கொடுத்து, சங்கிலி கட்டி இழுத்து ஒரு வழியாகக் கரை சேர்ந்திருக்கிறார்கள்.

"லாக் போடணும் சார். ஒண்ணுக்குத்தான் கையில காசு இருக்கு. ஒருத்தன் முன்னாடி போடுங்கறான், முன்னாடி போட்டா வண்டிய இழுத்துக்கிட்டுப் போகுமாம். ஒருத்தன் பின்னாடிங்கறான். இன்னொருத்தன் எதுக்குச் செலவு, பின்னாடி கூண்டுக்குள்ள வெல்டிங் அடிச்சுவிட்டுரலாம்ங்கறான். யூடியூப்ல பாத்தா எல்லாம் இங்கிலீஷ். நீங்க படிச்சுப் பாத்துச் சொல்லுங்க சார். நீங்க சொன்னா சரியா இருக்கும்."

இந்தக் கடைசி வாக்கியம் என் நெஞ்சில் தைத்தது. காரணத்தைக் கடைசியில் சொல்கிறேன்.

படித்தேன். பேரன் உதவியோடு வீடியோ பார்த்தேன். பெங்களூரில் இருக்கும் எங்கள் மாப்பிள்ளை லீவு நாட்களில் தார் எடுத்துக்கொண்டு காடு மேடு சுற்றுகிறவர், அவரைக் கேட்டேன். பிறகு இவனையும் அழைத்துக்கொண்டு மெக்கானிக் பட்டறைக்குப் போனேன். அங்கே நான் நடத்திய பாடத்தை உங்களுக்கும் நடத்திவிடுகிறேன். பழக்க தோஷம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நம் பள்ளியில் குடியரசு தின அணிவகுப்பு ஞாபகம் இருக்கிறதா? வரிசை திரும்பும்போது உள்ளே இருப்பவன் நின்ற இடத்திலேயே காலை மாற்றுவான். வெளியே இருப்பவன் எட்டி எட்டி வைப்பான். இல்லாவிட்டால் வரிசை கோணும். வண்டியும் அப்படித்தான். இரண்டு சக்கரத்துக்கும் இடைவெளி 1.3 மீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். அரை வட்டம் திரும்பினால் வெளிச்சக்கரம் உள்சக்கரத்தைவிட 4 மீட்டருக்குச் சற்று அதிகமாக ஓடியாக வேண்டும். வளைவு பெரிதோ சிறிதோ, இந்த வித்தியாசம் மாறாது, ஏனென்றால் அது பை பெருக்கல் 1.3 தான். ஒவ்வொரு வளைவையும் முழு அரை வட்டம் என்று வைத்தால், போடிமெட்டின் 17 வளைவுகளுக்கும் சேர்த்து ஏறக்குறைய 70 மீட்டர். இந்த வித்தியாசத்துக்கு இடம் கொடுப்பதுதான் அச்சின் நடுவில் குண்டாக இருக்கும் கூண்டுக்குள் உள்ள டிஃப்ரன்ஷியல்.

பட்டறையில் பின் அச்சு முழுவதையும் ஜாக்கியில் தூக்கி, ஸ்டாண்டு வைத்து, முன்சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, இன்ஜினை நிறுத்திக் கியரில் போட்டு வைத்தோம். ஒரு சக்கரத்தைக் கையால் முன்பக்கமாகச் சுற்றினால், மறுபக்கச் சக்கரம் பின்பக்கமாகச் சுற்றியது. 30 வருஷமாக வண்டி ஓட்டுகிறவன், சின்னப் பிள்ளை மாதிரி நாலைந்து தடவை சுற்றிப் பார்த்தான்.

வளைவில் உதவுகிற இதே ஏற்பாடு சகதியில் கழுத்தறுக்கிறது. டிஃப்ரன்ஷியல் இரண்டு சக்கரத்துக்கும் எப்போதும் சமமான முறுக்கு விசையைத்தான் கொடுக்கும். சகதியில் இருக்கும் சக்கரத்துக்கு 20 கிலோ இழுக்கத்தான் பிடிப்பு இருக்கிறது, கல்லில் நிற்கும் சக்கரத்துக்கு 300 கிலோ இழுக்கப் பிடிப்பு இருக்கிறது என்று வையுங்கள். மொத்தம் 320 கிடைக்கும் என்றுதான் நினைப்போம். கிடைப்பது 20 கூட்டல் 20, வெறும் 40. பலவீனமானவன் எவ்வளவு தாங்குகிறானோ அவ்வளவுதான் பலசாலிக்கும் பங்கு. நாலு வீல் இழுக்கிற வண்டியிலும் முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று என்று குறுக்காக இரண்டு சக்கரம் பிடிப்பு இழந்தால் 80 தான். அதனால்தான் "4 வீல் போட்டும் ஏறலையே" என்று டிரைவர்கள் தலையில் அடித்துக்கொள்கிறார்கள்.

லாக் போட்டால் அந்த அச்சின் இரண்டு சக்கரமும் ஒரே கம்பியில் கோத்த மாதிரி சேர்ந்தே சுற்றும். அப்போது அந்த 300 கிலோவும் உபயோகப்படும். சரி, எந்த அச்சில்?

இங்கேதான் வண்டி என்ன வேலை செய்கிறது என்று பார்க்க வேண்டும். மேட்டில் ஏறும்போது எடை பின்னால் சாய்கிறது. முன் பின் சக்கரங்களுக்கு இடையே 2.4 மீட்டர், எடையின் மையம் தரையிலிருந்து 80 செ.மீ. உயரத்தில் என்று வைத்துக் கணக்குப் போட்டேன். சமதளத்தில் பாதிப் பாதி இருந்த எடை, 20 டிகிரி மேட்டில் பின்னால் 62 பங்கு, முன்னால் 38 பங்கு ஆகிறது. இவன் வண்டியிலோ பெஞ்சு இரண்டும் பின் அச்சின் மேல்தான். பெண்கள் உட்கார்ந்தால் பின்பங்கு இன்னும் கூடும். எடை இருக்கும் இடத்தில்தான் பிடிப்பு. பிடிப்பு இருக்கும் இடத்தில் லாக் வைத்தால்தான் லாபம். ஆளை ஏற்றிக்கொண்டு மேடு ஏறுகிற வண்டிக்குப் பின் லாக்.

முன் லாக்கைக் குறை சொல்கிறேன் என்று நினைக்க வேண்டாம். மாப்பிள்ளை அதற்காக வாதாடினார், அவர் சொன்னதும் நியாயமே. பாறைப் படி மாதிரி ஒன்று குறுக்கே வந்தால், முதலில் ஏற வேண்டியது முன்சக்கரம். இரண்டும் சேர்ந்து சுற்றினால் கவ்விக்கொண்டு ஏறும். மேட்டில் ரிவர்ஸில் ஏற நேர்ந்தாலும், அப்போது கீழ்ப்பக்கம் இருப்பது முன் அச்சு என்பதால் முன் லாக்தான் கைகொடுக்கும். ஆனால் அதற்கு விலை ஸ்டியரிங். முன்சக்கரம் இரண்டும் ஒரே வேகத்தில் சுற்றினால் வண்டி நேராகத்தான் போகப் பார்க்கும். நீ ஒடிப்பாய், அது ஒடியாது. அதோடு முன் அச்சின் முனையில் திரும்புவதற்காக ஜாயின்ட் இருக்கிறது. சக்கரத்தை ஒடித்து வைத்துக்கொண்டு லாக்கில் மிதித்தால் முழு பாரமும் ஒரே ஜாயின்ட்டில் விழுந்து முறியலாம். பள்ளத்தின் ஓரத்தில் போகிறவனுக்கு ஸ்டியரிங் அவன் கையில் இருக்க வேண்டும்.

கம்பெனிக்காரர்களும் ஏறக்குறைய இந்த வரிசையில்தான் போகிறார்கள். 2015-ல் மாற்றி வந்த தாரில் பின் அச்சுக்கு மட்டும் லாக் கொடுத்தார்கள், ஒரு சக்கரம் சும்மா சுற்றினால் தானாகவே பூட்டிக்கொள்ளும் வகை. 2024-ல் வந்த தார் ராக்ஸ் நாலு வீல் வண்டியிலும் பின்னால்தான், மின்சாரத்தில் வேலை செய்வது. ஃபோர்ஸ் கூர்க்காவில் முன்னால் பின்னால் இரண்டிலும் உண்டு. பாறை ஏறுவதற்கென்றே செய்த ஜீப் ராங்ளர் ரூபிகானிலும் இரண்டும் உண்டு. இரண்டும் இருக்கிற வண்டியிலும் முதலில் பின்னால் போட்டுப் பார்த்து, முடியாவிட்டால்தான் முன்னால் போடுவார்கள், மேட்டைத் தாண்டியதும் முதலில் முன்னால் உள்ளதை எடுத்துவிடுவார்கள் என்று மாப்பிள்ளையே ஒப்புக்கொண்டார்.

வெல்டிங் யோசனைக்கு நான் ஒரே வார்த்தையில் வேண்டாம் என்றேன். அது நிரந்தரப் பூட்டு. அந்த 70 மீட்டர் வித்தியாசத்தையும் ஏதாவது ஒரு டயர் தேய்ந்துதான் சரிக்கட்ட வேண்டும். மழையில் கொண்டை ஊசி வளைவில் வண்டி திரும்பாமல் நேரே போகப் பார்க்கும். டிரைவர் சுவிட்ச் போட்டால் மட்டும் பூட்டி, எடுத்தால் விட்டுவிடும் வகைதான் இவனுக்குச் சரி.

இவ்வளவும் சொல்லி முடித்து, "ஆக, பின்னால் வை" என்று சொல்ல வாயெடுத்தேன். அப்போதுதான் எனக்கு ஒன்று உறைத்தது. "அன்னிக்கு வண்டி சறுக்கின இடத்தை வரைஞ்சு காட்டு" என்றேன். பட்டறைத் தரையில் சாக்பீஸால் வரைந்தான்.

பாதை பக்கவாட்டில் சரிவு. மேல் பக்கச் சக்கரத்தில் பாரம் குறைவு, அது சுற்றியது. பள்ளத்துப் பக்கச் சக்கரம் சுற்றாமல் நின்றது. சுற்றாமல் நிற்கிற டயர் தரையைப் பிடித்துக்கொண்டிருக்கும். சும்மா சுற்றுகிற டயருக்குப் பக்கவாட்டுப் பிடிப்பு பெரும்பாலும் போய்விடும், சோப்புத் தண்ணீரில் வைத்த கால் மாதிரி. அன்றைக்கு அந்த ஒரு சக்கரம்தான் நங்கூரம். பின்னால் லாக் போட்டு மிதித்திருந்தால்? கல் தட்டுப்பட்டிருந்தால் ஏறியிருக்கலாம். தட்டுப்படாமல் இரண்டும் சேர்ந்து சுற்றியிருந்தால், ஒரு முழம் சறுக்கியது எங்கே போய் நின்றிருக்கும்?

அவன் சாக்பீஸை வைத்துக்கொண்டு வெகுநேரம் அந்தப் படத்தையே பார்த்தான். "அப்ப எந்த லாக்கும் அன்னிக்குக் காப்பாத்தியிருக்காதா சார்?"

"காப்பாத்தாது. கெடுத்திருக்கவும் கூடும்."

பிறகு நான் கேட்க வேண்டிய கேள்வியைக் கேட்டேன். "ஆர்.சி.யில எத்தனை பேர் போட்டிருக்கு?"

பதில் இல்லை. மெக்கானிக் எழுந்து வேறு வேலை பார்க்கப் போய்விட்டார். "எல்லா வண்டியும் அப்படித்தான் சார் போகுது. ஆளக் குறைச்சா டீசலுக்குக் கட்டாது. அவங்களே நெருக்கிக்கிட்டு ஏறுவாங்க, ஒருத்தரை விட்டுட்டுப் போனா அவங்களுக்கு அன்னிக்குச் சம்பளம் இல்ல." அவன் சொன்னது எல்லாமே உண்மை. மாதம் பிறந்தால் பென்ஷன் வாங்குகிறவன் நியாயம் பேசுவது சுலபம். ஆனாலும் சொன்னேன். ஒவ்வொரு ஆளும் கூடக்கூட எடையின் மையம் மேலே போகிறது, பக்கச் சரிவில் வண்டி கவிழ்வதற்கு அதுவே முதல் காரணம், அதற்கு எந்தக் கம்பெனியும் லாக் செய்யவில்லை என்று சொன்னேன். அந்த 13 பேரில் எத்தனை பேர் நம் பள்ளிப் பிள்ளைகளின் அம்மாக்கள், அத்தைகள் என்று அவனுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

கடைசியில் ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்தேன். ஒன்று, முதலில் டயர். வழுக்கையாய் இருந்த நாலையும் மாற்றிச் சகதிக்கு ஏற்ற பட்டன் டயர். தோட்டப் பாதையில் காற்றைக் கொஞ்சம் குறைத்து, ரோட்டுக்கு வந்ததும் மறக்காமல் ஏற்ற வேண்டும். இரண்டு, மிச்சக் காசு சேர்ந்ததும் பின் அச்சுக்குச் சுவிட்ச் லாக், அதுவும் ஆர்.டி.ஓ. ஆபீசிலும் இன்சூரன்ஸிலும் கேட்டுக்கொண்டு. மூன்று, நேரான மேட்டில் மட்டும், சக்கரம் சுற்ற ஆரம்பிப்பதற்கு முன்னாலேயே லாக் போட வேண்டும், பக்கச் சரிவில் தொடக்கூடாது. நான்கு, அந்தச் சரிவு வந்தால் எல்லோரும் இறங்கி நடக்க வேண்டும். ஐந்து, ஆள் கணக்கு. ஐந்தாவதற்கு எதிரே ஒன்றும் எழுதவில்லை. நீயே நிரப்பு என்று விட்டுவிட்டேன்.

இப்போது அந்தக் காரணத்துக்கு வருகிறேன்.

1994-ல் ஒரு மழை நாள். நம் பள்ளிக்கு முன்னால் இருந்த மண் ரோட்டில் ஒரு ஜீப் மாட்டிக்கொண்டது. வகுப்பே ஜன்னலில் தொங்கியது. அதட்டி உட்கார வைத்தேன். இந்தப் பையன் மட்டும் எழுந்து நின்று, "சார், ஒரு வீல் சுத்துது, இன்னொரு வீல் ஏன் சார் சும்மா நிக்குது?" என்று கேட்டான். அறிவியல் பாடவேளைதான். எனக்குப் பதில் தெரியாது. பயிற்சிப் பள்ளியில் அது சொல்லித்தரவில்லை. தெரியாது என்று சொல்லியிருக்கலாம், நாளைக்குப் படித்துவிட்டு வருகிறேன் என்று சொல்லியிருக்கலாம். நான் சொன்னது, "புத்தகத்துல இருக்கறத மொதல்ல படி. அதிகப்பிரசங்கித்தனம் பண்ணாம உட்காரு." வகுப்பு சிரித்தது. அவன் உட்கார்ந்தான். அதற்குப் பிறகு என் வகுப்பில் அவன் கேள்வி கேட்டதாக எனக்கு ஞாபகமில்லை.

பட்டறையிலிருந்து திரும்பும்போது இதை அவனிடம் சொல்லி, தப்புதான்டா என்றேன். அவன் யோசித்துப் பார்த்துவிட்டு, "எனக்கு ஞாபகமே இல்ல சார்" என்றான். எனக்காகச் சொன்னானா, நிஜமாகவே மறந்துவிட்டானா, தெரியவில்லை. மறந்திருந்தால் எனக்கு ஆறுதல் என்று நினைத்தேன். வீட்டுக்கு வந்து யோசித்தால், அது ஆறுதலாக இல்லை. கேட்ட பிள்ளையே மறந்துபோகும் அளவுக்கு அந்தக் கேள்வியை அமுக்கிவிட்டேனே என்றுதான் பட்டது.

தை மாதம் டயர் மாற்றினான். பங்குனியில் பின் லாக் பொருத்தினான். கோடை மழையில் ஒரு நாள் போன் செய்தான். நான் பெருமையாக, "என்னடா, லாக் எப்படி?" என்றேன். "ரெண்டே தடவைதான் சார் சுவிட்சப் போட்டேன். டயரு மாத்தினதுலயே பாதி சரியாப் போச்சு." அந்தச் சரிவில் எல்லோரும் இறங்கி நடக்கிறார்களாம். முதல் வாரம் திட்டினார்களாம், இப்போது அவர்களாகவே இறங்கிவிடுகிறார்களாம். ஐந்தாவது எண்ணுக்கு எதிரே என்ன எழுதியிருக்கிறாய் என்று கேட்டேன். "மழை மாசத்துல குறைச்சிருக்கேன் சார். வெயில் மாசத்துக்கு இன்னும் எழுதல" என்றான். பொய் சொல்லாமல் சொன்னானே, அதுவரை சந்தோஷம். மறுபடியும் கேட்பேன்.

வண்டி ஓட்டுகிற பிள்ளைகள், கம்பெனியில் வேலை பார்க்கிற பிள்ளைகள், நான் சொன்ன கணக்கில் தப்பிருந்தால் கீழே எழுதுங்கள். திருத்திக்கொள்கிறேன். ஆசிரியர் வேலையில் இருக்கும் பிள்ளைகளுக்குத் தனியாக ஒரு வார்த்தை: தெரியாததைத் தெரியாது என்று வகுப்பிலேயே சொல்லிவிடுங்கள். என்னைப் போல முப்பது வருஷம் கழித்துப் பட்டறையில் போய்ச் சொல்லிக்கொண்டிருக்காதீர்கள்.

தோட்டத்துக்குப் போகிற தாய்மார்கள் எல்லோரும் பொழுதோடு வீடு வந்து சேர வேண்டும். அதுதான் என் பிரார்த்தனை.

அன்புடன்,
உங்கள் சார்